விருந்தாய்ச் சென்றோர்

சென்ற பருவத்தில் எங்கள் ஆசிரியர் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலை விரித்துரைத்துக் கொண்டிருந்தபொழுது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்வதிகாரத்துப் பத்துப் பாக்களும் இல்லிலிருந்து ஓம்புவானை நோக்கியே பேசுகின்றன. ஓம்பப்படுவான் என் செய்தல் வேண்டும்? வாயிலில் வந்து நிற்பவனுக்கு விதி ஒன்றும் இல்லையா? ஈற்றுக் குறளில் அவன் முகம் ஒரு கணம் தோன்றுகிறது. ஆனால் அஃது எளிதில் வாடுந்தன்மையது என்பது ஆங்கும் ஓம்புவானுக்கு எச்சரிக்கையாகவே சொல்லப்படுகிறது. வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் இதனைக் கேட்டேன். அவர் நகைத்து, "விருந்தினனுக்கு இலக்கணம் எழுதினவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரும் அல்லர், எழுதின இடம் தமிழகமும் அன்று. ஜப்பானுக்குச் சென்ற இயேசு சபையாரின் வரலாற்றைத் தேடிப் படி" என்றார். அங்ஙனம் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஜப்பானுக்கு முதலிற் சென்ற கத்தோலிக்க வேதபோதகர் நமக்கு அயலார் அல்லர். 1542ஆம் ஆண்டு முதல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரே அவர். 1547ஆம் ஆண்டின் இறுதியில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் ஒருவரை அவர் சந்தித்தார். அஞ்சிரோ தம் நாட்டில் ஒரு கொலைக்குற்றத்திற்கு ஆளாகித் தப்பி வந்தவர். மறு ஆண்டு கோவையிலன்று, கோவாவில் (இரண்டையும் மயங்குவோர் இக்கல்லூரியிலும் உளர்) அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவரை வழிகாட்டியாகக் கொண்டு, கோஸ்மே தெ தோரஸ் என்னும் குருவும் ஜுவான் பெர்னாண்டஸ் என்னும் சகோதரரும் உடன்வர, 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சவேரியார் ககோஷிமா நகரில் இறங்கினார்.

இறங்கியவர்க்கு அந்நாட்டில் வீடு இல்லை, மொழி இல்லை, கையிற் பொருளும் மிகுதியாக இல்லை. அஞ்சிரோவின் சுற்றத்தார் அவர்களை ஏற்றனர். குற்றஞ்செய்து ஓடிப்போன தம் உறவினன், முன்பின் அறியா மூவரை அழைத்துக்கொண்டு, புதியதொரு சமயத்தையும் தாங்கித் திரும்பி வருகிறான். அவனையும் அவனுடன் வந்தோரையும் ஒரு குடும்பம் உள்ளே அழைக்கிறது. இந்நிகழ்ச்சியை நூல்கள் ஒரு வரியிற் கூறிக் கடந்து செல்கின்றன. எனக்கோ இதனினும் பெரிய விருந்தோம்பல் அவ்வரலாற்றின் முற்பகுதியில் வேறு உண்டென்று தோன்றவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் ககோஷிமாவிலிருந்து சவேரியார் கோவாவிலுள்ள சபையார்க்கு ஒரு நெடுங்கடிதம் வரைந்தார். அதுவரை தாம் கண்ட புறச்சமய மக்களுள் ஜப்பானியரே மேலானவர் என்பது அவர் கருத்து. அவர்கள் பொருளினும் மானத்தைப் பெரிதாக மதிக்கின்றனர். வறுமையை இழிவாக எண்ணுவதில்லை. உணவிற் சுருக்கமும் அரிசி மதுவிற் சற்று மிகுதியும் உடையவர். தாம் வளர்க்கும் உயிர்களைக் கொன்று உண்பதில்லை. சோறு, கீரை, சிறிது மீன் இவற்றோடு அமைகின்றனர். ஆயினும் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். இவையெல்லாம் அக்கடிதத்தில் உள்ள செய்திகள். பிறர் வீட்டுச் சோற்றை உண்டு, அவ்வுணவில் தமக்கு இல்லாதன இவை என்று கணக்கிடாமல், அவர்களுக்கு உள்ளன இவை என்று எழுதியிருக்கும் அந்நோக்கை உன்னுக.

எனினும் சவேரியாரும் தொடக்கத்திலேயே எல்லாம் அறிந்தவர் அல்லர். 1550ஆம் ஆண்டு ஹிராடோ என்னும் தீவிற்குச் சென்று, ஆங்குக் கிமுரா என்னும் குடும்பத்தார் இல்லத்தில் தங்கினார். அக்குடும்பத்தின் பெயரைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், மீண்டும் வரும். அங்கிருந்து பேரரசரைக் காணும் பொருட்டுக் கடுங்குளிர்காலத்திற் பனியில் நடந்து மியாகோ என்னும் தலைநகருக்கு 1551ஆம் ஆண்டு சனவரியிற் சென்றடைந்தார். கந்தலுடையும் வெறுங்கையுமாக நின்ற அவரை ஒருவரும் உள்ளே விடவில்லை. ஹியெய் மலையிலிருந்த புகழ்பெற்ற பௌத்த மடங்களின் வாயிலும் திறக்கவில்லை. காணிக்கையின்றி வருவோரை ஏற்பது ஆங்கு வழக்கமன்று. பதினொரு நாளில் நகரை விட்டு நீங்கினார்.

இதுவரை இவர் எளிமையை அறமென்று கொண்டிருந்தார். அதே எளிமை அந்நாட்டில் அவமதிப்பாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் இல்லத்திற்கு ஒன்றும் கொணராது, தூய உடையும் அணியாது செல்வது, 'நும்மை யான் ஒரு பொருளாக எண்ணவில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும். நம் ஊரிலும் உறவினர் வீட்டிற்குப் போகையில் வெறுங்கையோடு போகலாகாது என்று பாட்டிமார் ஒரு சீப்பு வாழைப்பழமேனும் வாங்கச் சொல்வதில்லையா? சவேரியார் இதனைக் கற்றுக்கொண்டார். அவ்வாண்டிலேயே யாமகுச்சி நகருக்குச் சென்றபொழுது நல்லுடை அணிந்து, கோவா ஆயரும் இந்தியாவிலிருந்த போர்த்துக்கீச ஆளுநரும் தந்த திருமுகங்களை ஏந்தி, கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி முதலான பரிசில்களுடன் ஓஉச்சி யோஷிதாகா என்னும் சிற்றரசரைக் கண்டார். சிற்றரசர் மகிழ்ந்து பொன்னும் வெள்ளியும் திருப்பித் தரப் புகுந்தார். சவேரியார் அவற்றைக் கொள்ளவில்லை. போதிப்பதற்கு இசைவு ஒன்றே வேண்டினார். இசைவும் கிடைத்தது, தங்குவதற்கு ஆளின்றிக் கிடந்த மடம் ஒன்றும் கிடைத்தது. கொடுப்பது எப்பொழுது, மறுப்பது எதனை என்பதிலன்றோ விருந்தினன் அறிவு விளங்குகிறது!

நிற்க. சவேரியார்க்குப்பின் வந்தோர் யாவரும் இவ்வழியிற் செல்லவில்லை. 1570 முதல் 1581 வரை ஜப்பான் சபைக்குத் தலைவராயிருந்த பிரான்சிஸ்கோ கப்ரால் என்பார், ஐரோப்பியர் ஜப்பானிய வழக்கங்களுக்கு வளையலாகாது, ஜப்பானியரே நம் வழக்கங்களுக்கு வரவேண்டும் என்னும் கொள்கையினர். சபையிற் சேர்ந்த ஜப்பானியரையும் அவர் தாழ்வாகவே நடத்தினார் என்று பின்வந்தோர் குறை கூறியுள்ளனர். இந்நிலையில் 1579ஆம் ஆண்டு கீழ்நாடுகளின் மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தவர் அலெசாந்திரோ வலிஞானோ. இத்தாலி நாட்டுக் கியேத்தி நகரில் 1539ஆம் ஆண்டு பிறந்தவர். இவரே என் ஆசிரியர் குறித்த இலக்கண ஆசிரியர்.

வலிஞானோ முதலிற் செய்தது கேட்டல். ஏன் சபையின் மீது வெறுப்புத் தோன்றியுள்ளது என்று ஜப்பானியக் கிறிஸ்தவர்களையே உசாவினார். கிடைத்த விடைகள் சமயக் கொள்கைகளைப் பற்றியன அல்ல. குருமார் உண்ணும் மேசை தூய்மையற்றிருக்கிறது. வந்தாரை வரவேற்கும் முறை அவர்களுக்குத் தெரியவில்லை. இல்லத்திலேயே பன்றி வளர்க்கின்றனர், மாடு அறுக்கின்றனர், அதன் தோலை உலர்த்துகின்றனர். ஒருவர் கிண்ணம் நீட்டினால் அதனை எவ்வாறு கொள்வதென்று அறியார். இவையே குறைகள். ஐரோப்பாவிற் கற்றுத் தேர்ந்த பெரியோர், ஜப்பானுக்கு வந்தபின் எங்ஙனம் அமர்வது, எங்ஙனம் உண்பது, எங்ஙனம் வணங்குவது என்பவற்றைக் குழந்தைகள் போல மீண்டும் கற்கவேண்டியிருக்கிறது என்னும் கருத்தை வலிஞானோ எழுதியுள்ளார்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. மாணவர் குழு ஒன்றுடன் ஒரு சிற்றூருக்குப் பத்து நாள் தொண்டு செய்யச் சென்றிருந்தேன். வடிகால் வெட்டினோம், மாலையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னோம், சோறு எங்களுக்குத் தனியே சமைக்கப்பட்டது. நான்காம் நாள் வெயிலில், ஊரின் கடைசித் தெருவிலிருந்த ஒரு மூதாட்டியார் கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஒரு செம்பில் எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். இருப்பதே சிறிது, அதனை நாம் வாங்கியுண்டு அவரை வருத்தலாகாது என்று எண்ணினேன். மெய்யாகவே எண்ணினேன். அந்தத் தண்ணீர் எத்தகையதோ என்னும் ஐயமும் உடனிருந்தது என்பதை மறைப்பது முறையன்று. "வேண்டாம் பாட்டி, இப்பொழுதுதான் உண்டேன்" என்றேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும் தம்பி. எங்க வீட்டுல எல்லாம் நீங்க கை நனைக்க மாட்டீங்க" என்றார். சினந்து சொல்லவில்லை, நாள்தோறும் காணும் ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். யான் அங்ஙனம் நினைத்து மறுக்கவில்லை என்று எடுத்துரைக்க முயன்றேன். அவர் அதற்குள் உள்ளே சென்றுவிட்டார். பத்து நாளில் நாங்கள் வெட்டிய வடிகால் எவ்வளவு நீளம் என்று அறிக்கையில் எழுதியுள்ளோம். அந்தச் செம்பைப் பற்றி அறிக்கையில் எழுத இடமில்லை.

தம் சீடர்களை ஊர்தோறும் அனுப்பியபொழுது இயேசுநாதர், பையும் பணமுங் கொள்ளாது செல்லவும், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கவும், முன்வைப்பதை உண்ணவும் பணித்தார் என்று லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. சிறுவயதில் ஞாயிறு வகுப்பிலேயே இதனைக் கேட்டிருக்கிறேன். சிக்கனத்திற்கான அறிவுரை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். வலிஞானோவைப் படித்தபின்பே அஃது அதனினும் கடினமான கட்டளை என்பது விளங்கிற்று. கொடுக்கச் செல்பவன் கொடுப்பதிலேயே தன் மேன்மையை நிலைநாட்டிக் கொள்கிறான். ஏற்க வேண்டிய நிலையில் அவனை நிறுத்தினால் அம்மேன்மை போய்விடுகிறது. அதனால்தான் அவன் 'வேண்டாம்' என்கிறான்.

1581ஆம் ஆண்டு வலிஞானோ, ஜப்பானின் வழக்கங்களையும் ஒழுகலாறுகளையும் பற்றிய அறிவுரைகளாக ஏழு இயல்கொண்ட நூலொன்றைத் தம் சபையார்க்கென இயற்றினார். இது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1946ஆம் ஆண்டில் யோசப் ஷூட்டே என்னும் இயேசு சபை அறிஞரால் ரோமாபுரியிற் பதிப்பிக்கப்பட்டது. வருவோரை எவ்விடத்தில் எதிர்கொள்வது, எத்துணைத் தூரம் வழிவிடச் செல்வது, மதுக்கிண்ணத்தை எங்ஙனம் வாங்கி எங்ஙனம் திருப்புவது, எவர்க்கு என்ன பரிசில் தகும், விருந்தினரை அமர்த்தும் அறை எப்படி அமையவேண்டும் என்பன போன்றவை அதில் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. சபை இல்லங்கள் ஜப்பானியத் தச்சர் முறையிலேயே கட்டப்பட வேண்டும்; பன்றியும் ஆடும் வளர்த்தலும் மாடறுத்தலும் ஒழியவேண்டும்; தேநீர் அளிப்பதற்கு ஓரிடமும் அம்முறையறிந்த ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். இவ்வளவும் விதிகள். விருந்தினராய் வந்தவர்களே காலப்போக்கில் இல்லுடையவராகி, வருவாரை ஓம்பும் கடனும் பூண்டனர் ஆதலின், நூல் இருபுறமும் நோக்கிப் பேசுகிறது.

இந்நூலில் எனக்கு ஒவ்வாத பகுதியும் உண்டு. வருவோர் ஒவ்வொருவரின் தகுதியையும் அளந்து அதற்கேற்ற வரவேற்பை வரையறுக்கிறார் வலிஞானோ. சபையாரின் படிநிலையையும் ஸென் மடத்துத் துறவிகளின் படிநிலையோடு ஒப்பிட்டு அமைக்கிறார். ஜப்பானியச் சமுதாயம் அத்தகையது, வேறு வழியில்லை என்பது அவர் பக்கத்து நியாயம். ரோமாபுரியிலிருந்த சபைத் தலைவர் அக்குவவீவா இவ்வொப்பீட்டை விரும்பாது மறுப்பெழுதினார். தச்சன் மகனின் பெயரால் வந்தவர்கள் பெருமக்களின் முன்கூடத்தையே மிகுதியும் நினைந்தனரோ என்னும் வினா இன்றும் எழக்கூடியதே. உழவர் குடிசையில் ஒரு குருவுக்கு என்ன கிடைத்தது, அவர் எங்ஙனம் அதனை ஏற்றார் என்பதை அறிய விரும்புவார்க்கு இந்நூல் சிறிதே உதவும்.

வலிஞானோவின் விதிகளினும் படிக்கச் சுவையானவை லூயிஸ் பிரோயிஸ் என்னும் போர்த்துக்கீசக் குருவின் எழுத்துகள். 1563ஆம் ஆண்டு ஜப்பானுக்கு வந்து 1597இல் நாகசாகியில் இறக்கும் வரை, இடையிற் சிலகாலம் ஒழிய, அந்நாட்டிலேயே வாழ்ந்தவர். 1585இல் அவர் ஐரோப்பியர் வழக்கத்தையும் ஜப்பானியர் வழக்கத்தையும் இணை இணையாக வைத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட சிறு குறிப்புகள் எழுதினார். உண்டல் குடித்தலுக்கென ஓர் இயலே உண்டு. அதிற் காணும் ஒரு செய்தி தமிழ் மாணவனுக்கு நகை தரும். ஐரோப்பியராகிய நாங்கள் கையால் உண்கிறோம், ஜப்பானியரோ இளமை முதலே இரண்டு குச்சிகளால் உண்கின்றனர் என்பது அது. முட்கரண்டி இன்றிக் கையால் உண்ணுதல் நாகரிகமன்று என்று நம்மவரே சிலர் இன்று நாணுகின்றனர். நானூறு ஆண்டுகளுக்குமுன் லிஸ்பன் நகரத்தார் நம்மைப்போலவே விரல்களை நம்பியிருந்தனர். அவர்களைக் கண்டு முகஞ்சுளித்தவர் ஜப்பானியர்.

பிரோயிஸ் பெற்ற விருந்துகளுள் ஒன்று அழியாத சித்திரமாக நிற்கிறது. 1569ஆம் ஆண்டு அவர் கிஃபு என்னும் கோட்டை நகருக்குச் சென்று ஓடா நொபுநாகாவைக் கண்டார். நொபுநாகா அந்நாளில் ஜப்பான் முழுவதையும் தன்னடிப்படுத்தத் தலைப்பட்டிருந்த படைத்தலைவன். அவன் பெயரைக் கேட்டே பெருங்குடியினர் நடுங்குவர். பிரோயிஸுடன் சென்றவர் லொரேன்சோ என்னும் ஜப்பானியச் சகோதரர். இவர் முன்னாளில் யாழ்போன்ற பீவா என்னும் கருவியை மீட்டிக் கதை பாடிப் பிழைத்தவர். கண் பார்வை மிகக் குறைந்தவர். யாமகுச்சியிற் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். இவ்விருவரையும் மேல்மாடியில் அமர்த்தி உரையாடிக் கொண்டிருந்த நொபுநாகா, திடீரென உள்ளே எழுந்து சென்றான். திரும்பி வருகையில் பிரோயிஸுக்குரிய உணவுத் தட்டத்தைத் தன் கைகளாலேயே ஏந்தி வந்தான். லொரேன்சோவின் தட்டத்தை அவன் மகன் ஏந்தி வந்தான். முன்னறிவிப்பின்றி வந்தீர்கள் ஆதலால் தருவதற்கு ஒன்றும் இல்லை என்று வழக்கப்படி உபசாரமும் சொன்னான். திகைத்துப்போன பிரோயிஸ், நன்றியைக் காட்டத் தட்டத்தைத் தலைக்குமேல் உயர்த்தினார். நொபுநாகா, குழம்பு சிந்திவிடும், நேராகப் பிடியும் என்றானாம்.

ஊர்களை எரித்தவனும் மடங்களை அழித்தவனுமாகிய ஒருவன் ஒரு வேளைக்குக் குழம்பு சிந்தாதிருத்தலில் கருத்தூன்றுகிறான். ஓம்பும் செயல் மனிதனை ஒரு நாழிகைக்கேனும் வேறொருவனாக ஆக்கிவிடுகிறது போலும். ஆயின் அதனைக்கொண்டு அவன் இயல்பை மதிப்பிடுவதும் பிழை. இரண்டாண்டுகளுக்குப்பின், 1571இல், சவேரியாரை உள்ளே விடாத அதே ஹியெய் மலை மடங்களை நொபுநாகா துறவிகளோடும் பெண்டிர் பிள்ளைகளோடும் தீக்கிரையாக்கினான்.

ஜப்பானிய விருந்தோம்பலின் உள்ளுறையை நன்கறிந்து எழுதிய ஐரோப்பியர் ஜுவாங் ரொத்ரீகஸ் ஆவர். போர்த்துக்கலின் ஒரு சிற்றூரிற் பிறந்து, பதினாறு வயது அளவில், அஃதாவது என்னினும் இளையவராய், 1577இல் ஜப்பானுக்கு வந்தார். மொழியை ஐயந்திரிபறக் கற்றமையால் 'மொழிபெயர்ப்பாளர்' என்பதே அவர்க்குப் பட்டப்பெயராயிற்று. 1610இல் நாட்டைவிட்டு நீக்கப்பட்டு மக்காவிற் குடியேறி, ஆங்கிருந்து ஜப்பான் திருச்சபை வரலாற்றை எழுதினார். அந்நூலில் தேநீர் விருந்துக்கெனப் பல இயல்கள் உள்ளன. திருச்சபையின் கதையைப் படிக்கப் புகுந்தவன் கிண்ணம், கெண்டி, கரி, சாம்பல் இவற்றினிடையே நெடுநேரம் நின்றுவிடுகிறான். அந்நிற்றல் வீணன்று.

அவ்விருந்து நிகழும் முறை சுருக்கமாகப் பின்வருமாறு. அழைக்கப்பட்டவர் சிலரே. அவர்கள் ஒரு சிறு தோட்டத்தின் கற்பாதையில் நடந்து வருவர். கற்றொட்டியிலுள்ள நீரிற் கையும் வாயும் கழுவுவர். போர்வீரராயின் வாளை வெளியே விட்டுவிடுவர். குடிலின் நுழைவாயில் மிகச் சிறியது. எத்துணைப் பெருமகனாயினும் முழங்காலிட்டுத் தவழ்ந்தே உட்புகல் வேண்டும். உள்ளே ஓவியச் சுருளோ ஒரு மலரோ வைத்த மாடம் இருக்கும். அதனை முதலில் அமைதியாகக் காண்பர். உணவு எளியது, சிறியது. பணியாளர் எவரும் இல்லை; வீட்டுத்தலைவனே கொணர்ந்து வைப்பான், அவனே எடுத்துச் செல்வான். அடர்ந்த பச்சைத் தேநீரை ஒரே கிண்ணத்திற் கலந்து தருவான். விருந்தினர் ஒருவர் பின் ஒருவராய் அதே கிண்ணத்தில் அருந்துவர். உலகியற் பேச்சுக்கு ஆங்கு இடமில்லை. ஒரே பாத்திரத்திற் பலர் வாய்வைத்து அருந்தும் அவ்வழக்கம் நம் நாட்டாருக்கு அருவருப்பாகலாம். எச்சில் என்று நாம் விலக்குவதே ஆங்கு ஒற்றுமையின் அடையாளம். திருவிருந்தின் கிண்ணத்தை அறிந்த கிறிஸ்தவர்க்கு அஃது எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று கூறுவாரும் உளர். அதற்குத் தக்க சான்று காணாமையின் அவ்வாராய்ச்சியை ஈண்டு விடுக்கிறேன்.

தேநீர்க் கலையின் தலையாய ஆசிரியர் சென் நோ ரிக்யூ. 1591இல் இறந்த இவருடைய சிறந்த மாணாக்கருள் ஒருவர் தகயாமா உகோன் என்னும் கிறிஸ்தவச் சிற்றரசர். அவரை ரொத்ரீகஸ் நேரில் அறிந்திருந்தார். தேநீர்க் கலை அதனை உண்மையாகப் பயில்வார்க்கு உள்ளத்தை ஒடுக்கும் பெருந்துணை என்று உகோன் சொல்வதுண்டென்றும், அச்சிறு குடிலிலேயே திருவுருவம் ஒன்றை வைத்துக்கொண்டு தனித்திருந்து இறைவனை வேண்டுவாரென்றும் அவர் எழுதுகிறார். சமயத்தை விடுதல் அல்லது நாட்டை விடுதல் என்னும் நிலை 1614இல் வந்தபொழுது உகோன் நாட்டை விட்டார். மணிலா நகரம் அவரைப் பெருமதிப்புடன் வரவேற்றது. ஆங்குச் சென்ற சில கிழமைகளில், 1615ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேற்றூர் விருந்தினராகவே உயிர்நீத்தார். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஓசகா நகரில் அவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது.

இடையே நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்லல் வேண்டும். நொபுநாகாவுக்குப்பின் ஆண்ட டொயோதோமி ஹிதெயோஷி 1587ஆம் ஆண்டு சூலையில் ஓர் இரவில் திடீரெனச் சபைத் தலைவரிடம் ஆளனுப்பிச் சில வினாக்களைத் தொடுத்தான். அவற்றுள் ஒன்று, உழவுக்கும் சுமைக்கும் உதவும் மாட்டையும் குதிரையையும் ஏன் உண்கிறீர் என்பது. குதிரையை உண்பதில்லை, மாட்டிறைச்சியை வேண்டுமாயின் விட்டுவிடுகிறோம் என்று விடை சென்றது. மறுநாள் நாடுகடத்தும் ஆணை பிறந்தது. அரசியற் காரணங்கள் வேறு பல. எனினும் அவ்வினாவைக் காணுந்தோறும் வலிஞானோ பன்றிக்கும் மாட்டுக்கும் எழுதிய விதிகள் சிறியன அல்ல என்று தோன்றுகிறது. அவ்வாணை முழுதும் நிறைவேற்றப்படவில்லை. 1614இல் தொகுகாவா ஆட்சி பிறப்பித்த தடையோ நிறைவேற்றப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. குருமார் கப்பலேற்றப்பட்டனர். சிலர் ஒளிந்து தங்கினர். சிலர் மாறுவேடத்தில் மீண்டு வந்தனர்.

ஒளிந்தவர் எங்கே தங்குவர்? யாரேனும் ஒருவர் வீட்டில்தான். இங்கேதான் இவ்வரலாற்றின் தலைவர்கள் மாறுகின்றனர். இதுவரை குருமார் பெயர்களையே எழுதி வந்தேன். இனி வருவோர் கதவைத் திறந்தவர்கள். குருவை வீட்டில் வைத்திருப்பவர்க்கு மரணதண்டனை என்று ஆணை. காட்டிக் கொடுப்பவர்க்கு வெள்ளி. பின்னர், ஒரு வீட்டாரின் குற்றத்திற்கு அண்டை வீட்டாரும் பொறுப்பாக்கப்பட்டனர். குரு பிடிபட்டால் தான் விரும்பி வந்த சாவை அடைகிறார். அவரை ஏற்ற வீட்டார் அதற்கென ஒரு கப்பலும் ஏறியவர் அல்லர். இரவிற் கதவு தட்டும் ஓசை கேட்டு எழுந்தவர். வருபவனுக்கும் தெரியும், தன் வருகையே அவ்வீட்டுக்குக் கேடென்று. வலிஞானோவின் ஏழு இயல்களில் இதற்கு விதியில்லை. இத்தகைய வீட்டின் வாயிலில் நிற்கும் விருந்தினன் உள்ளே செல்வதா, திரும்பிச் செல்வதா? யான் பன்முறை எண்ணியும் விடை காணேன். அன்று குருமாருள்ளும் இதனை எண்ணி வருந்தினோர் இருந்திருத்தல் வேண்டும்.

நாகசாகியில் வாழ்ந்த தொமிங்கோஸ் ஜோர்ஜ் என்னும் போர்த்துக்கீசர், கார்லோ ஸ்பினோலா என்னும் இத்தாலியக் குருவுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்தார். 1618ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வீட்டிலேயே ஸ்பினோலா பிடிபட்டார். இடங்கொடுத்த குற்றத்திற்காக ஜோர்ஜ் 1619ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். குருவோ சிறையிலேயே கிடந்தார். விருந்தளித்தவர் முதலிலும் விருந்தினர் மூன்றாண்டு பின்னும் இறக்கும்படி அமைந்தது.

1622ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் ஐம்பத்தைந்து பேர் கொல்லப்பட்டனர். குருமாரும் சபைச் சகோதரரும் கம்பங்களிற் கட்டி எரிக்கப்பட்டனர். அவர்களை ஏற்றவர்களும், ஏற்றவர்களின் மனைவியரும் மக்களும் பெரும்பாலும் அவர்கள் கண்முன்னே தலை கொய்யப்பட்டனர். எரிக்கப்பட்டோருள் செபாஸ்தியன் கிமுரா ஒருவர். 1601இல் குருப்பட்டம் பெற்ற முதல் ஜப்பானியருள் ஒருவரான அவர், எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குமுன் ஹிராடோத் தீவிற் சவேரியாருக்கு இடங்கொடுத்த அக்குடும்பத்தின் வழிவந்தவர்.

கொய்யப்பட்டோருள் தொமிங்கோஸ் ஜோர்ஜின் கைம்பெண் இசபெலும் அவர்தம் மகன் இக்னேசியோவும் இருந்தனர். குழந்தைக்கு வயது நான்கு. ஸ்பினோலா பிடிபடுவதற்குச் சிறிதுகாலம் முன்னர், அவ்வீட்டில் ஒளிந்திருந்த நாளில், தாமே அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்திருந்தார். கம்பத்திற் கட்டுண்டு நின்ற அவர், கூட்டத்தில் இசபெலைக் கண்டு, இக்னேசியோ எங்கே என்று கேட்டாராம். அவள் தன்னோடு நின்ற பிள்ளையைக் கைகளில் உயரத் தூக்கி அவர்க்குக் காட்டினாள்.